வணிகவியல் இடம் உறுதியாகிவிட்டது, மகளோ ஆங்கில இலக்கியம் கேட்கிறாள்

கோட்டையூர்க்காரர்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் கட்டுமானப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். என் மகள் அரசுப் பெண்கள் பள்ளியில் தமிழ்வழியில் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருக்கிறாள். பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.காம். இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரத்திற்குள் பணம் கட்ட வேண்டும். அவளோ பி.ஏ. ஆங்கில இலக்கியந்தான் வேண்டும் என்கிறாள். காரணம் கேட்டால், "எனக்கு எழுத வேண்டும்" என்ற ஒரே பதில்தான் வருகிறது.

என் கவலையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகள் கதையும் கவிதையும் படித்துவிட்டு வெளியே வருபவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? தமிழ்வழியில் படித்த பிள்ளையால் அந்தப் பாடத்தோடு ஈடுகொடுக்க முடியுமா? ஆங்கிலத்தில் எழுதக் கற்றுத்தரும் படிப்புதானா அது? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றி உடையவனாக இருப்பேன்.

தேவகோட்டைக் கணக்கர்

ஐயா, நான் சுருக்கமாகவே சொல்கிறேன். கையில் இருக்கும் இடத்தை விட வேண்டாம். நம் பாட்டனார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது பயிற்சிப் பையனாகச் சேர்ந்து, பேரேடு எழுதப் பழகி, ஐந்தொகை (முடிவுக் கணக்கு) எடுக்கத் தெரிந்த பிறகே அடுத்தாளாகவும் (உதவியாளர்) ஏஜெண்டாகவும் (கடைப் பொறுப்பாளர்) உயர்ந்தார்கள். கணக்குத் தெரிந்தவன் பட்டினி கிடந்ததாக இந்த வட்டாரத்தில் யாரும் சொல்லக் கேட்டதில்லை. ஆங்கிலம் பேச வர வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், மாலை நேரப் பயிற்சி வகுப்பு ஒன்றில் மூன்று மாதம் சேர்த்துவிடுங்கள். அதற்காக மூன்று ஆண்டுகளைச் செலவிட வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை

கணக்கர் ஐயாவின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தப் படிப்பைப் பற்றிய குழப்பம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலம் பேசக் கற்பது வேறு, ஆங்கில இலக்கியம் பயில்வது வேறு. எங்கள் கல்லூரிகளில் எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் பகுதி ஒன்றில் தமிழும் பகுதி இரண்டில் ஆங்கிலமும் உண்டு, பி.காம். மாணவியும் அதைப் படித்துத்தான் ஆக வேண்டும். இலக்கிய மாணவிக்குப் பகுதி மூன்றுதான் முதன்மைப் பாடம். ஆறு பருவங்களில் ஆங்கிலக் கவிஞர் சாஸரில் தொடங்கி ஷேக்ஸ்பியர், மில்டன், பின்னர் புதினம், நாடகம், இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதியவை, அமெரிக்க இலக்கியம், திறனாய்வு, ஆங்கில மொழி வரலாறு, ஒலியியல் என்று பாடத்திட்டம் விரிந்துகொண்டே போகும். இங்கிலாந்தின் சமூக வரலாறு பெரும்பாலும் துணைப்பாடமாக வரும். அந்தத் துணைப்பாடத்தை மாணவர்கள் வெறுப்பார்கள். ஆனால் அது தெரியாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புதினம் ஒன்றில் ஒரு பெண் ஏன் சொத்துக்காகத் திருமணம் செய்துகொள்கிறாள் என்பது விளங்காது.

ஆக, இது பேச்சுப் பயிற்சி அன்று. அப்படியானால் என்ன பயிற்சி என்று கேட்பீர்கள். ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கும் பயிற்சி. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர் கவிதைகளை ஆசிரியர் பெயரும் காலமும் இல்லாமல் மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். வந்த விடைகளில் இருந்த தடுமாற்றங்களை வகைப்படுத்தி 1929ஆம் ஆண்டு நூலாகவும் வெளியிட்டார். நானும் இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஆண்டுதோறும் அதைச் செய்து பார்த்திருக்கிறேன். பெயரை மறைத்துவிட்டால் வகுப்பே மாறிவிடும். "இவர் பெரிய கவிஞர், ஆகவே இது நல்ல கவிதை" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லாமல் போவதால், பிள்ளைகள் முதன்முறையாக வரிகளைப் படிக்கத் தொடங்குவார்கள்.

தமிழ்வழிப் பிள்ளையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மரபில் உரையாசிரியர்கள் செய்தது இதைத்தான். பரிமேலழகர் ஒரு குறளை எடுத்துக்கொண்டால், ஓர் உருபு தொக்கி நிற்பதைக்கூட விடாமல் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். பள்ளியில் செய்யுளுக்குச் சொற்பொருளும் இலக்கணக் குறிப்பும் ஒழுங்காக எழுதிப் பழகிய பிள்ளைக்கு நுணுகிப் படிப்பது புதிய வேலை இல்லை. கருவி கையில் இருக்கிறது. மொழி மட்டும் மாறுகிறது.

2014இல் தேறியவன்

அம்மா சொல்வது அவர்கள் வகுப்பைப் பற்றி. எனக்கு வாய்த்த வகுப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த இழை பாதி உண்மையோடு முடிந்துவிடும்.

நான் படித்த கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். மூன்று ஆண்டுகளில் ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றைக்கூட முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் படித்ததில்லை. வகுப்புக்கு வந்ததும் ஆசிரியர் குறிப்பேட்டைத் திறப்பார், நாங்கள் எழுதிக்கொள்வோம். தேர்வுக்கு முன்பு பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள கடையில் கைடு வாங்குவோம். வெளித்தேர்வு 75 மதிப்பெண், அகமதிப்பீடு 25. அந்த 75இல் பெரும்பகுதி, ஒருவர் எழுதி வைத்த கட்டுரையை இன்னொருவர் மனப்பாடம் செய்து மூன்றாமவர் திருத்துவதற்கே போயிற்று. 'ஹாம்லெட்டின் தயக்கம்' என்ற கட்டுரையை இன்றைக்கும் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். அவன் எதற்குத் தயங்கினான் என்று கேட்டால்தான் நானும் தயங்குவேன்.

பட்டம் வாங்கிச் சென்னைக்குப் போன பிறகு ஒரு நிறுவனத்தில் எழுத்துத் தேர்வு வைத்தார்கள். ஒரு சலவை இயந்திரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று இருநூறு சொற்களில் எழுத வேண்டும், அவ்வளவுதான். அரை மணி நேரம் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்று ஆண்டுகளில் என் சொந்த வாக்கியம் ஒன்றை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த இயற்பியல் பட்டதாரி எழுதி முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

ஆகவே ஐயா, படிப்பின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தத் துறைக்கு நேரில் போய், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம், "சென்ற மாதம் நீங்களாக எழுதிய பக்கம் எது? அதைத் திருத்திக் கொடுத்தவர் யார்?" என்று கேளுங்கள். அவர் விழித்தால் நீங்கள் பி.காமுக்கே பணம் கட்டிவிடலாம்.

மூன்றாம் ஆண்டு மாணவி, பள்ளத்தூர்ப் பக்கம்

நானும் தமிழ்வழியில் படித்தவள்தான், ஆகவே அந்தக் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

முதல் பருவம் கடினமாகத்தான் இருந்தது. சாஸரின் ஆங்கிலத்தைப் பார்த்துவிட்டு, எனக்குத்தான் ஆங்கிலம் தெரியவில்லை என்று நினைத்து அழுதேன். அது அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலம் என்பதும், ஆங்கிலவழியில் படித்தவர்களுக்கும் அது புரியவில்லை என்பதும் இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஒரு பாடத்தில் எல்லோரும் சமமாகிவிட்டோம்.

எதிர்பாராத ஆறுதல் ஒலியியலில் கிடைத்தது. 'ஷிப்' என்பதற்கும் 'ஷீப்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் குறில், நெடில் என்று சொன்னதும் தமிழ் படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டது. பல் முளைக்கும் இடம், அண்ணம், மூக்கு என்று ஒலி பிறக்கும் இடங்களை ஆசிரியர் படமாக வரைந்தபோது, பள்ளியில் படித்த எழுத்துகளின் பிறப்பு இலக்கணந்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் 'இஸட்' ஒலி எனக்கு இன்னும் முழுமையாக வரவில்லை. 'ஸ' என்றே நாக்கு போகிறது.

இன்றைக்கும் என்னைப் படுத்துவது 'ஏ', 'தி' என்ற இரண்டு சின்னச் சொற்கள்தான். தமிழில் அவற்றுக்கு நேர் இல்லை. "கடைக்குப் போனேன்" என்றால் எந்தக் கடை என்பது நமக்குச் சூழலிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலமோ ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் நிறுத்தி, "கேட்பவருக்கு இது முன்பே தெரிந்ததா, இப்போதுதான் அறிமுகமா?" என்று கேட்கிறது. நான் எழுதிய ஒரு பக்கத்தில் பதினேழு இடங்களில் ஆசிரியை இதை மட்டும் வட்டமிட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

செலவைப் பற்றியும் ஒன்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கிற்கு வரும். எனக்குப் புத்தகச் செலவு அதிலேயே முடிந்துவிடுகிறது.

முதுகலை ஆசிரியர், திருப்பத்தூர்

வேலையைப் பற்றிக் கேட்டதற்கு யாரும் நேராக விடை சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த பாதைகளைச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் ஆங்கிலம் படித்தவர்கள் பெரும்பாலும் போவது ஆசிரியப் பணிக்குத்தான். பி.ஏ. முடித்துவிட்டு இரண்டாண்டு பி.எட். படித்து, ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேறி, அதற்குப் பிறகு நியமனத்துக்கான போட்டித் தேர்வையும் எழுதினால்தான் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் ஆகலாம். பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 30தான். ஆங்கிலம் படித்தவரும் சமூக அறிவியலையோ கணிதம், அறிவியலையோ 60 மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டும். மேக்பெத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் பானிபட் போரில் விழுந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மேல்நிலை வகுப்புக்கு ஆசிரியராகப் போக எம்.ஏ., பி.எட். வேண்டும், அந்தப் பணிக்கான போட்டித் தேர்வில் 110 மதிப்பெண் பாடத்துக்கே உண்டு என்பதால், இலக்கியத்தை ஒழுங்காகப் படித்தவருக்கு அங்கே மரியாதை இருக்கிறது. கல்லூரியில் கற்பிக்க நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்விலாவது தேற வேண்டும், அல்லது முனைவர் பட்டம் இருக்க வேண்டும்.

அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். அங்கே பி.காமும் பி.ஏ.வும் ஒன்றுதான். தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம் என்பதால், உங்கள் மகளின் தமிழ் அங்கே வீண் போகாது.

இவற்றுக்கு வெளியே, எழுத்தையே தொழிலாகக் கொண்ட வேலைகளும் உண்டு. அவற்றில் நான் இருந்ததில்லை என்பதால் இருந்தவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

கானாடுகாத்தான் வாசி

கணக்கர் ஐயா பெட்டியடிப் பையனைப் பற்றிச் சொன்னார். காரைக்குடியில் 1947ஆம் ஆண்டு கல்லூரியைத் தொடங்கிய வள்ளல் அழகப்பர், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை பயின்றவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாமே. நமது கோட்டையூரில் பிறந்தவர்தாம் அவர்.

தேவகோட்டைக் கணக்கர்

சேர்த்துக்கொள்கிறேன். அவர் அதன் பிறகு லண்டனுக்குப் போய்ச் சட்டம் படித்ததையும், ஆலைகள் நடத்திப் பொருள் ஈட்டியதையும் நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரியை மில்டனா கட்டினார்?

ஆனாலும், 2014இல் தேறிய தம்பி எழுதியதைப் படித்த பிறகு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் அலுவலகத்தில் பி.காம். முடித்த நான்கு பேர் இருக்கிறார்கள். வருமான வரித் துறையிலிருந்து விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தால், பதிலை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. கணக்கு அவர்களுக்குத் தெரியும். நடந்ததை வரிசையாக, எதிராளிக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் எழுதத் தெரியவில்லை. அப்படி எழுதத் தெரிந்த பெண் ஒருத்தி கிடைத்தால், எந்தப் பட்டம் என்று கேட்காமல் வேலை கொடுப்பேன். கணக்கை ஆறு மாதத்தில் நான் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

மொழிபெயர்ப்பாளர், காரைக்குடி

எழுத்தைத் தொழிலாகக் கொண்டவன் நான். ஆகவே முதுகலை ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

என் வருமானம் மூன்று வழிகளில் வருகிறது. பாதிக்கு மேல் சட்ட ஆவணங்களும் நிறுவன அறிக்கைகளும், கொஞ்சம் விளம்பரம், மிகக் குறைவாக இலக்கியம். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகளை விடுதிகளாக்கியவர்களுக்கும், கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடிப் பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள தரைக்கல்) விற்பவர்களுக்கும் ஆங்கிலத்தில் எழுதித் தர ஆள் வேண்டியிருக்கிறது. இப்போது இயந்திரமே எழுதித் தருகிறதே என்று கேட்பார்கள். தருகிறது. ஆனால் ஒரு விடுதிக்காரர் அப்படி எழுதி வாங்கி வந்ததில், ஆத்தங்குடிப் பூக்கல் சூளையில் சுடப்படுவதாக இருந்தது. அந்தக் கல்லைக் கண்ணாடிப் பலகையின் மேல் வார்த்து, தண்ணீரில் ஊற வைத்து, வெயிலில் காய வைப்பார்களே ஒழிய நெருப்புக்குக் கொண்டுபோவதே இல்லை என்பது ஆத்தங்குடிக்கு ஒருமுறை போனவருக்குத் தெரியும். வாக்கியம் அழகாகவே இருந்தது, செய்திதான் தவறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண்ணுக்குத்தான் எனக்குக் கூலி கொடுக்கிறார்கள்.

அந்தக் கண் எனக்கு ஆங்கில இலக்கிய வகுப்பில் கிடைத்தது. ஆனால் தமிழின் வழியாகவே கிடைத்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன். ஏ. கே. ராமானுஜன் மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்தவர். மதுரையில் ஆங்கிலம் கற்பித்தவர். 1962ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் வேறு எதையோ தேடப் போனவர் கையில் குறுந்தொகை அகப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. எங்கள் ஆசிரியர் ஒருநாள் அதிலிருந்து நாற்பதாம் பாட்டை எடுத்து, மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதிப் போட்டார்.

"யாயும் ஞாயும் யாரா கியரோ" என்பது முதல் அடி. யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். சங்கத் தமிழில் ஒரே எழுத்து மாறியதும் தாய் மாறிவிடுகிறாள். அடுத்த அடியில் எந்தையும் நுந்தையும் அப்படியே. ஆங்கிலத்தில் என்ன செய்தாலும் 'மை', 'யுவர்' என்று தனிச்சொல்லைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும். எனவே, உறவு சொல்லுக்குள்ளேயே இருப்பதும், அந்தச் சொற்கள் இரண்டும் ஒன்றோடொன்று எதுகையாக மோதுவதும் போய்விடுகின்றன. "செம்புலப் பெயல்நீர்" என்ற இடத்திலோ நேர் எதிர். சிவந்த நிலமும் பெய்யும் மழையும் என்று ஐந்தே ஆங்கிலச் சொற்களில் ராமானுஜன் வைத்துவிட்டார். படித்தால் நம் சிவகங்கைச் செம்மண்ணில் முதல் மழை விழுந்த வாசனை வருகிறது. ஒரே பாட்டில் ஓரிடத்தில் ஆங்கிலம் தோற்கிறது, ஓரிடத்தில் ஈடுகொடுக்கிறது. ஏன் என்று கேட்டு ஒரு மணி நேரம் பேசினோம். நான் மொழிபெயர்ப்பாளன் ஆனது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

கோட்டையூர்க்காரருக்கு இன்னொன்று. அதே சிகாகோ பல்கலைக்கழகந்தான் பின்னாளில் உங்கள் ஊர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்திருந்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் விலைக்கு வாங்கியது. 1994ஆம் ஆண்டு அவை சென்னைக்குப் போய் நூலகமாயின. கடையில் வியாபாரம் குறைவான ஒரு நாளில் மகளை அங்கே அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை

தம்பி 2014 எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் அதை மறுக்க மாட்டேன். குறிப்பேட்டை வாசித்தே ஓய்வுபெற்றவர்களோடு ஒரே அறையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் இருந்ததும் உண்டு. அறுபது பேர் உள்ள வகுப்பில் வாரம் ஒரு பக்கம் எழுதச் சொன்னால், வாரத்துக்கு அறுபது பக்கம் திருத்த வேண்டும். மூன்று வகுப்புக்கு நூற்றெண்பது. இதைச் செய்யாதவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது.

மகள் எழுத வேண்டும் என்கிறாள் அல்லவா? அதில் ஓர் எச்சரிக்கை தேவை. நம் பி.ஏ. பாடத்திட்டத்தில் படைப்பெழுத்து பெரும்பாலும் ஒரு தாளாக வரும், அல்லது திறன்சார் பாடமாக ஒரு மூலையில் இருக்கும். படிக்கக் கற்றுக்கொடுக்கும் படிப்பு இது. எழுதக் கற்பதை அவளே அதன் மேல் ஏற்றிக்கொள்ள வேண்டும். என்னிடம் எழுத்தாளராக வேண்டும் என்று வந்தவர்களில் உருப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். பாடத்தில் பிடித்த ஒரு பத்தியைக் கையால் பார்த்து எழுதி, அதே வாக்கிய அமைப்பில் தங்கள் தெருவைப் பற்றி ஒரு பத்தி எழுதிக்கொண்டு வருவார்கள். லண்டன் மூடுபனியைப் பற்றிய பத்தி தேவகோட்டைப் புழுதியைப் பற்றியதாக மாறும்போது பாதி வாக்கியங்கள் உடைந்துபோகும். உடையும் இடத்தில்தான் பாடம் தொடங்கும்.

பனியையே பார்க்காத பிள்ளை பனியைப் பற்றி எழுதினால் நான் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதற்காக என்னைத் திட்டியவர்களும் உண்டு.

சேரும் முன்பே அவளைச் சோதித்துப் பாருங்கள், ஐயா. உங்கள் வீட்டைப் பற்றி ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். பிழைகளை எண்ண வேண்டாம். எழுதிய பிறகு அவள் அதைத் திரும்ப அடித்து எழுதுகிறாளா என்று மட்டும் பாருங்கள்.

கோட்டையூர்க்காரர்

அனைவருக்கும் நன்றி. அம்மா சொன்னபடியே செய்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை மாலை எழுத உட்கார்ந்தவள், இரவு பதினொரு மணிக்குத்தான் எழுந்தாள். வீட்டின் முகப்பையும், நடு முற்றமான வளவையும், அதற்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டையும் பற்றி எழுதியிருந்தாள். எனக்கு ஆங்கிலம் கடைக் கணக்கு அளவுக்குத்தான் தெரியும். அவளே வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். வளவைச் சுற்றி உள்ள அறைகளைப் பற்றி, "இந்த வீட்டில் ஏழு குடும்பங்கள் இருந்தன" என்று ஒரு வாக்கியம். அவளுடைய அப்பத்தா ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். உடனே, "ஏழு குடும்பமா? யார் சொன்னது? ஒரே குடும்பந்தான் ஆத்தா. ஏழு புள்ளி" என்றார்கள்.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வழக்கில் மணமான ஓர் ஆணும் அவன் மனைவி மக்களும் சேர்ந்தது ஒரு புள்ளி. கோவிலுக்கு வரி கொடுப்பதும் அந்தக் கணக்கில்தான். அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் இருந்தாலும் மணமானதும் அவரவருக்கு ஓர் அறை, தனி உலை, தனிப் புள்ளி. ஆனால் குடும்பம் ஒன்றுதான்.

மகள் 'ஃபேமிலி' என்ற சொல்லை அடித்தாள். அகராதியைப் பார்த்தாள். 'கப்பிள்' என்று எழுதி, பிள்ளைகள் விட்டுப்போகிறார்கள் என்று அதையும் அடித்தாள். 'ஹவுஸ்ஹோல்ட்' என்று போட்டு, ஒரு வீட்டுக்குள் ஏழு வீடா என்று அவளே சிரித்துவிட்டு அடித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பத்தாவின் முறைச்சிட்டையை (சடங்கு முறைகளை எழுதி வைக்கும் ஏடு) எடுத்து வைத்துக்கொண்டு, அதில் புள்ளி எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஆனால் புள்ளிக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஐயா ஒரு சொல் சொன்னால் அவள் தூங்குவாள்.

மொழிபெயர்ப்பாளர், காரைக்குடி

சொல் கிடையாது ஐயா. தேடவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் முதல் புதினம் 1958ஆம் ஆண்டு வெளிவந்தது. பல பல்கலைக்கழகங்களில் பாடமாகவும் இருக்கிறது. தம் இக்போ மொழிச் சொற்களில் பலவற்றை அவர் ஆங்கில வாக்கியத்துக்குள் அப்படியே விட்டிருப்பார். சொல்லுக்கு அருகிலேயே அதன் வேலையும் நடப்பதால், படிப்பவருக்குப் பொருள் தானாகத் தெரிந்துவிடும். மகளும் 'புள்ளி' என்றே எழுதட்டும்; அடுத்த வாக்கியத்தில் ஏழு அடுப்புகள் எரியட்டும். படிப்பவர் புரிந்துகொள்வார்.

ஒன்று மட்டும் அவள் முடிவு செய்ய வேண்டும். ஆங்கில வாக்கியத்துக்குள் நுழைந்துவிட்ட பிறகு, 'புள்ளி' ஆங்கிலச் சட்டத்துக்குக் கட்டுப்படுமா? பள்ளத்தூர் மாணவி சொன்ன 'ஏ', 'தி' முன்னால் வருமா? ஏழு என்றால் கடைசியில் 'ஸ்' சேருமா?

மூன்றாம் ஆண்டு மாணவி, பள்ளத்தூர்ப் பக்கம்

முதலில் வரும் இடத்தில் 'ஏ', அதன் பிறகு 'தி'. இதற்கு மட்டும் என்னால் உறுதியாக விடை சொல்ல முடியும், தங்கச்சியிடம் சொல்லிவிடுங்கள் ஐயா.

கோட்டையூர்க்காரர்

சொல்லிவிட்டேன். 'ஸ்' சேர்த்தால் புள்ளி கூடிவிட்டது போல இருக்கிறதாம், ஆகவே சேர்க்க மாட்டாளாம். பி.காமுக்குப் பணம் கட்டவில்லை. திங்கட்கிழமை இரண்டு கல்லூரிகளின் ஆங்கிலத் துறைக்கு நேரில் போகிறோம். 2014 தம்பி சொன்ன கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

தேவகோட்டைக் கணக்கர்

அந்த அரைப் பக்கத்தின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். ஏழு உலைக்கும் விறகுக் கணக்கு தனியா, பொதுவா என்று அதில் இருக்கிறதா?

கோட்டையூர்க்காரர்

இல்லை. அப்பத்தாவிடம் கேட்கப் போயிருக்கிறாள்.